ரிப்போர்ட்டில் இல்லாத வலி

வலி எனக்குப் பழகிப்போயிருந்தது. குடும்பத்தைக் கெடுத்தது ரிப்போர்ட்தான்.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். வீடு ராஜபாளையத்தில். வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் கேட்டை ஒட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான். அந்த உட்காருவது என்னால் முடியாமல் போனது. மலவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவே, யாரும் பேர் சொல்லிப் பேசாத அந்த இடத்தில், ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்தது போல இருக்கும். ஒன்றுக்குப் போனால் எரியும். மனைவியோடு சேர்ந்திருந்தால் மறுநாள் முழுக்க கால் எடுத்து வைக்க முடியாது. அதனால் சேர்ந்திருப்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குப் பேர் சூடு. என் மனைவியும் அப்படித்தான் நம்பினாள். கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தாள். ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

பிறகு மதுரைக்குப் போய் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தோம். எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தத் தாள்களை என்னைவிடக் கவனமாகப் படித்தாள். மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லைன்னு போட்டுருக்கு. அப்ப என்னையத்தான் வேண்டாம்னு ஆயிப்போச்சு. அதை நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"வலிக்குதுன்னுதான சொல்லுதேன்."

"எங்க வலிக்குது? ஸ்கேன்லயே தெரியாத வலி."

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வருத்தமும் வரவில்லை. வெகுநாளாகவே எனக்கு அப்படித்தான் இருந்தது. குழம்பில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்து போவேன்.

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "அவளுக்குப் பரீட்சை முடியட்டும். நான் சேத்தூர்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். பொறவு நீங்களும் உங்க வலியும் இருந்துக்கிடுங்க" என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள். அதைக் கேட்டும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

போனில் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். ஒன்றுக்கு வருவதை அடக்குவது போல அந்த இடத்தை இறுக்கிப் பிடித்து விட வேண்டுமாம், ஆண்களுக்கு எல்லாம் சரியாகிவிடுமாம். பட்டாளத்துக்காரனிடம் பத்து என்றால் நூறு எடுப்பான். காலையில் பரேடு போல இறுக்கினேன், கேட்டில் நின்றபடி இறுக்கினேன், பஸ்ஸில் இறுக்கினேன். ஒரே வாரத்தில் படுத்தாலும் வலிக்க ஆரம்பித்தது.

மறுபடி மதுரைக்குப் போனபோது, டாக்டர் பிசியோதெரபி பார்க்கச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அந்த இடம் இருந்தது. பெஞ்சில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், எல்லோரும் முட்டிவலிக்காரர்கள். "உங்களுக்கும் முட்டியா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "இடுப்பு" என்றேன். பாதி உண்மை.

பிசியோதெரபி பார்க்கிறவருக்கு என் தம்பி வயதிருக்கும். நான் சொன்னதை முகம் சுளிக்காமல் கேட்டார். பிறகு என் கையை இறுக்க மூடச் சொல்லி, அப்படியே வைத்திருக்கச் சொன்னார். பேசிக்கொண்டே இருந்தார். விரல்கள் நோக ஆரம்பித்தன.

"இப்ப இந்தக் கையை எக்ஸ்ரே எடுத்தா என்ன சார் வரும்? ஒண்ணும் வராது. ஆனா வலிக்குது. இடுப்பெலும்புக்கு அடியில தொட்டி மாதிரி தசை இருக்கு. அது இப்படி மூடியே கெடக்கு. நீங்க மேல மேல இறுக்கியிருக்கீங்க."

பிறகு, மலவாய் வழியாக உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார். பட்டாளத்தில் சேர்ந்த அன்று வரிசையில் அவிழ்த்துப் போட்டு நின்றவன் நான். வெட்கம் அங்கேயே போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா பால்கோவா விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஓர் இடத்தை அழுத்தினார். என் வலி, அதே வலி, அவர் விரலுக்கு நேரே வந்தது.

"இதுதான?"

"இதேதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஸ்கேனில் இல்லாததை ஒரு மனிதர் விரலால் கண்டுபிடித்துவிட்டார். கும்பிட வேண்டும் போலிருந்தது. படுத்திருந்த நிலையில் கும்பிட வசதிப்படவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை போனேன். மெல்ல அழுத்தி அந்தத் தசையைத் தளர்த்துவார். மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கப் பழக்கினார். "வயித்தை விடுங்க சார்" என்பார். விட்டுத்தான் இருக்கிறேன் என்பேன். அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவார். நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளிழுத்து நின்றே பாதி ஆயுள் போயிருக்கிறது. இறுக்கம் எது, தளர்வு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் உண்மையிலேயே விட்டுவிட்டேன். கூடவே சத்தமாகக் காற்றும் போனது. "இதுதான் சார் வேணும்" என்றார் அவர், சந்தோஷமாக.

உட்காருவது கொஞ்சம் தேவலை என்று ஆனது. வீட்டில்தான் அந்தத் தளர்வு வரவில்லை. அங்கே போய்ப் படுத்தாலே இறுகிக்கொண்டது. "வீட்ல மேடத்தை உங்க வயித்துல கை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. இறுகினா அவங்க சொல்லட்டும்" என்றார். என்னைத் தொட்டே பல மாதம் ஆகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் நின்றபடியே யோசித்து வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மனைவி சேத்தூருக்கு எடுத்துப் போகச் சேலைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அறிக்கை படிப்பது போல எல்லாவற்றையும் சொன்னேன், விரலையும் சேர்த்து. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இம்புட்டையும் யாரோ ஒருத்தருட்டச் சொல்லத் தெரிஞ்சுருக்கு."

"அவர் கேட்டாரு."

"நானும்தான் கேட்டேன்."

பிறகு, "படுங்க" என்றாள். தரையில் முழங்காலை மடக்கிப் படுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, தொப்புளுக்குக் கீழே கையை வைத்தாள்.

"கல்யாணமான நாள்லருந்து இப்படித்தான இருக்கு. பட்டாளத்துக்காரவுக வயிறு கல்லு மாதிரி இருக்கும்னு எங்க அம்மாட்டப் பெருமையாச் சொல்லிருக்கேன்."

நான் மூச்சை இறக்கப் பார்த்தேன்.

"அப்ப நான் கோவப்பட்டது, அழுதது, அம்புட்டும் வீணா?" என்று கேட்டாள். அவள் குரல் உடைந்தது. எனக்கு அழவேண்டும் என்று தெரிந்தது, கண்ணீர் வரவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது. வலி மட்டுந்தான் வருது."

அவள் கையை லேசாக அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் எளகலையே" என்றாள்.

"நாளாகுமாம்."

"ஆகட்டும்" என்றாள். கையை எடுக்கவில்லை.