வாணி பூசையில் உள்ளான் சிறகு

"உவன் சுட்டுத் தின்னுறவன். சுடுறவன் ஏன் எண்ணப்போறான்? உன்னைப் பேய்க்காட்டுறான், பிள்ளை."

அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். டொரொண்டோவின் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தோம். மாமா "உவன்" என்றது மேலே இருந்த வீட்டுக்காரரை. வெள்ளைக்காரர், லொறி திருத்துகிறவர். இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் சனிக்கிழமைகளில் நாயையும் வேட்டைத் துவக்கையும் ஏற்றிக்கொண்டு விட்பி நகருக்கும் அப்பால் உள்ள காடுகளுக்குப் போவார். பின்னேரம் திரும்பும்போது பையில் இரண்டு மூன்று பறவைகள் இருக்கும். உருண்டை உடம்பு, காய்ந்த சருகின் நிறம், முகத்துக்குப் பொருத்தமில்லாத நீண்ட அலகு. அவர் அதை வுட்கொக் என்றார். வன்னியில் வயலோடு வளர்ந்த அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இது எங்கட உள்ளானுக்குச் சொந்தக்காரன் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது உள்ளான்தான்.

வேட்டைக்கு அனுமதி எடுத்தவர்களில் சிலருக்கு அரசாங்கம் வெறும் உறைகளை அனுப்பும். சுட்ட ஒவ்வொரு உள்ளானிலும் ஒரு சிறகை வெட்டி உறைக்குள் வைத்து, எந்த நாள், எந்த இடம் என்று மேலே எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். அங்கே சிறகை விரித்துப் பார்க்கிறவர்களுக்கு அது ஆணா பெண்ணா, இந்த வருடம் பொரித்ததா அதற்கு முந்தியதா என்று தெரிந்துவிடும். தாய்ப் பறவைகளுக்கு எத்தனை குஞ்சுகள் தேறின என்று அதிலிருந்து கணக்குப் பார்ப்பார்கள். பறவை குறைந்துகொண்டே போனால் சுட விடும் நாட்களைக் குறைக்கலாம். குளிருக்கு முன்பே உள்ளான்கள் தெற்கே அமெரிக்காவுக்குப் பறந்துவிடுவதால் இரண்டு நாட்டுக்காரரும் சேர்ந்துதான் கணக்குப் பார்க்க வேண்டுமாம்.

இவ்வளவையும் வீட்டுக்காரரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டு அறிந்தேன். அவர் அதிகம் பேச விரும்புகிறவர் அல்ல. என்னிடமிருந்து தப்பவோ என்னவோ, உறையில் எழுதுகிற வேலையையும் தபால் பெட்டியில் போடுகிற வேலையையும் கடைசியில் என்னிடமே தந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இங்கிலிஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்பா அந்தப் பக்கமே போகாதவர். வீட்டுக்கு வருகிற கடிதத்தையும் மருந்துப் போத்தலையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். ஆனால் அவை வீட்டு வேலைகள். இது எனக்கென்று வந்த வேலை. என் எழுத்தை எங்கேயோ ஒரு விஞ்ஞானி வாசிக்கிறார் என்ற நினைப்பில் வகுப்பில் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன்.

இதைக் கேட்டுத்தான், உன்னை ஏமாற்றுகிறான் என்று மாமா சிரித்தார். அவரும் படித்தவர் அல்ல. ஆனால் கனடாவுக்கு முதலில் வந்தவர். எங்களை இங்கே எடுப்பித்தவரும், அப்பாவுக்கு ரெஸ்ரோரண்ட் குசினியில் சமையல் வேலை பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆகவே எந்தக் கடையில் அரிசி வாங்குவது, நான் எந்தச் சட்டை போடுவது என்பது வரை அவர் சொல்வதே எங்கள் வீட்டில் முடிவு. அம்மா அவருக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்துகூட நான் கண்டதில்லை.

அந்த வருடம் வாணி பூசை அன்று பின்னேரம் வீட்டுக்காரர் முந்திய சனிக்கிழமையின் சிறகுகள் வைத்த உறைகளைத் தந்தார். நன்றாக மழை பெய்துகொண்டிருந்தது. விடிய, பள்ளிக்கூடம் போகிற வழியில் போடலாம் என்று வைத்திருந்தேன். அம்மா கும்பத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, படிக்கிற சாமான் எல்லாவற்றையும் கொண்டுவந்து வை என்றார். கணக்குப் புத்தகம், கொப்பிகள், பென்சில் பெட்டி எல்லாம் வைத்தேன். உறைகளையும் வைத்தேன். எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. பக்கத்தில் அப்பாவின் கத்தி கழுவித் துடைத்தபடி இருந்தது. பூசைக்கு மாமியோடு வந்திருந்த மாமாவின் டாக்சித் திறப்புக் கொத்தும் இருந்தது.

தேவாரம் முடிந்து கடலையும் அவலும் கைமாறும்போதுதான் மாமா குனிந்து பார்த்தார். ஓர் உறையின் மூலையில் இறகு துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை உது?"

உள்ளான் சிறகு என்றேன்.

மாமி வாயில் கையை வைத்தார். விரத நாளில், கும்பத்துக்கு முன்னால், செத்த பறவையின் சிறகு. மாமா என்னைக் கோபிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். பிள்ளையை வெள்ளையனோடு திரிய விட்டால் வேறென்ன நடக்கும், பொம்பிளைப் பிள்ளைக்குச் சிறகு பொறுக்கிற வேலை எதற்கு, இப்போதே கொண்டுபோய்க் குப்பையில் போடு என்றார். இந்தச் சிநேகிதம் இன்றோடு சரி என்றும் சொன்னார்.

குப்பைக்குப் போனால் அந்தப் பறவைகள் கணக்கில் வராது. சுட்டும் எண்ணாமல் விட்டதாகிவிடும். அதைவிட, அந்த வேலையே என் கையைவிட்டுப் போய்விடும். அழுவதில்லை என்று முடிவு எடுத்தேன்.

"அப்பான்ர கத்தியும் இறைச்சி வெட்டுறதுதானே மாமா. அதை ஏன் வைச்சிருக்கு?"

அப்பா அவசரமாக அவலைப் பார்த்தார். கத்தி தொழில் சாமான், கழுவி வைத்தது என்றார் மாமா. இது என்னுடைய தொழில் சாமான், கழுவினால் பழுதாகிவிடும் என்றேன். மாமாவின் முகம் கறுத்தது. உறைகளை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போதுதான் அம்மா என்னிடம் கேட்டார்.

"உது உன்ர படிப்போ?"

"ஓம்."

அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். புத்தகங்களுக்கு வைப்பதுபோலவே ஒவ்வோர் உறையின் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தார். பிறகு, தமையனின் முகத்தைப் பாராமல், மெதுவாகச் சொன்னார்.

"வைச்சதை விடியுமட்டும் எடுக்கக் கூடாது, அண்ணை."

உண்மைதான். வாணி பூசைக்கு வைத்ததை விஜயதசமி காலையில் பூசை செய்துதான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தொட மாமாவுக்கும் உரிமை இல்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார். விடிந்ததும் கற்பூரம் காட்டி உறைகளை எடுத்துப் போய்த் தபாலில் போட்டேன். அந்தச் சந்தனத்தைப் பற்றி அரசாங்கம் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாமாவை வென்றது என் கத்தி வாதம்தான் என்று பல வருடங்கள் நம்பினேன். பள்ளிக்கூடத்திலும் அந்தக் கதையை அளந்தேன். அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வராததையும் கண்டேன். தீபாவளிக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. அந்த வருடம் பனி அதிகம், அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்று காய்கறி வெட்டியதையும், அது அடிக்காமல் இருந்ததையும் பார்த்தேன். பார்த்ததற்கும் விளங்கியதற்கும் இடையில் எனக்கு ஏழெட்டு வருடங்கள் ஆயின. தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தமையனுக்கு மாறாகப் பேசிய அம்மா, அதைத் தனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு படிப்புக்காகச் செய்தார்.

அந்தப் படிப்பைத்தான், பத்து வருடங்கள் கழித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். உள்ளானை எண்ணுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வசந்தத்தில், பொழுது பட்ட கையோடு, ஆண் பறவை தரையில் நின்று மூக்கால் பேசுவதுபோலக் கத்தும். ஆளுக்கு ஒரு நாட்டுப்புறத் தெருவைப் பிரித்துக் கொடுப்பார்கள். குறித்த இடங்களில் காரை நிறுத்தி, காதில் விழுந்ததை எழுத வேண்டும். ஒன்றும் விழாவிட்டால் அதையும் எழுத வேண்டும். வருடா வருடம் அதே தெரு, அதே இடங்கள். அப்படித்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியவரும்.

டொரொண்டோவுக்குக் கிழக்கே ஒரு தெருவுக்கு ஆள் இல்லை என்றார்கள். அதற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். துணைக்கு ஒருவர் வரலாம் என்றதும் அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதினேன். எண்ணுகிற மாலைக்கு முன்பே இடம் பார்த்து வைக்க, போன ஞாயிறு பகலிலேயே இருவரும் போய், நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஒவ்வொரு தடவை இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்தோம்.