பதினாலாம் நம்பர் கட்டில்

ஜாவாவின் அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் துமினி பதிவறைக்காரி. மாதம் முடிந்ததும் கட்டில்கள் எத்தனை நாள் நிரம்பியிருந்தன, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கூட்டிப் பார்த்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பாள். அதில் குறித்த கட்டத்துக்குள் விழுந்தால் ஆஸ்பத்திரி திறமையாக நடக்கிறது. வெளியே விழுந்தால் இயக்குநர் ஹார்கோ மாகாண அலுவலகத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு வார்டுதான் புள்ளியை வெளியே இழுத்தது. ஏழைகள் சீக்கிரம் தேறுவதில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தவள் துமினிதான். முந்தின நாள் மாலைக் கணக்கைப் பார்த்து, ஆறு நாள் தாண்டியவர்களின் கட்டில் நம்பரைச் சீட்டில் எழுதிக் காலையில் அனுப்புவாள். பெயர் எழுதமாட்டாள். நர்சுகள் 'சொந்த விருப்பத்தில் போகிறேன்' என்ற தாளில் கைநாட்டு வாங்கி அனுப்பிவிடுவார்கள். "பு துமினி சீட்டு வந்தாச்சு, செருப்பைத் தேடுங்க" என்பது வார்டின் கேலி. அங்கே 'பு' என்றால் அம்மா, 'பாக்' என்றால் ஐயா.

செங்கல் சூளையில் வேலை பார்த்த அவள் கணவன் பாயிஜான் நுரையீரலில் நீர் கோத்து ஒன்பதாம் கட்டிலில் கிடந்தான். ஐந்தாவது நாள். இன்னும் இரண்டு நாள் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மாதக் கடைசி. துமினி வார்டுக்குப் போகாமல் நேராகப் பதிவறைக்குப் போய்ச் சீட்டை எழுதி அனுப்பினாள். மதியம் கஞ்சித் தூக்கோடு போனபோது ஒன்பதாம் கட்டிலுக்கு மேலே ஏணி போட்டு விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கடியில் அவன் செருப்பு.

"ருக்மி, அவரை எங்க மாத்துனீங்க?"

"பதினாலுக்கு, பு. விடியக்காலம் விசிறி எரிஞ்சுபோச்சு. பதினாலுல இருந்த பெரியவர் ராத்திரியே இறந்துட்டார். அப்புறம்தான் உங்க சீட்டு வந்துச்சே."

நர்ஸ் ருக்மி பையிலிருந்து சீட்டை எடுத்தாள். 14. அடியில் இரண்டு கோடு. பதினோரு நாள் கிடந்த அந்தப் பெரியவருக்காக எழுதியது.

"ஊசி பாக்கி இருக்கே, பு கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கவான்னு அவர்கிட்டதான் கேட்டேன். அவர்தான், அவ எழுதினா கணக்கு சரியாத்தான் இருக்கும்னுட்டு கைநாட்டு வச்சார். சொந்தப் புருஷனுக்குக்கூடச் சலுகை காட்டலியேன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

துமினி அவனைத் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பாயிஜான் சந்துமுனைச் சோற்றுக்கடை பெஞ்சில் சாய்ந்தபடி இறந்திருந்தான். வெறுங்காலில் மண்.

ஏழாம் நாள் தொழுகை முடிந்து மறுநாள் வேலைக்கு வந்தாள்.

"மனசைத் தேத்திக்குங்க, பு," என்றார் ஹார்கோ. மேசைமேல் இருந்த தாள்களைப் புரட்டிவிட்டு, "மாசப் படம் இன்னும் வரலியே."

"அவரை எதுல சேர்க்கறது, பாக்?"

"விருப்பத்துல போனவர்தானே. சாவுல வரமாட்டார்."

சராசரி ஐந்து புள்ளி ஒன்பது வந்தது. புள்ளி கட்டத்துக்குள் விழுந்தது.

"பாத்தீங்களா," என்றார் ஹார்கோ. "இன்னிக்குச் சீட்டு?"

நேற்று மாலைக் கணக்கை எடுத்தாள். ஒன்பதாம் கட்டிலில் யாரோ ஏழு நாளாகப் படுத்திருந்தார். நம்பரை எழுதினாள். அடியில் இரண்டு கோடும் போட்டாள்.