படித்த குரங்கு

நான்தான் அந்தக் குரங்கு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பருவங்களாகப் பக்கத்து வீட்டுப் போஸ்ட் மாஸ்டர் ஐயாவின் ரம்புட்டான் மரத்தில் கைவைத்தவன் நான். பழியைச் சுமந்தவை எங்கள் ஊரான உக்குவளையின் குரங்குகள். அவற்றுக்கு மறுத்துப் பேச வாயில்லை. எனக்கு இருந்தது... பேசவில்லை!

வயது ஐம்பத்து நான்கு. அரசாங்க உத்தியோகம். மூக்குக்கண்ணாடி. இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம். போதாக்குறைக்கு, பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் நேர்மையைப் பற்றிப் பேச அழைக்கப்படுகிறவன். பேச்சு நன்றாகவே இருக்கும். சில இடங்களில் எனக்கே கண் கலங்கும்.

எங்கள் பக்கத்து ஆனி, ஆடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கண்டி வீதியின் இரண்டு ஓரமும் சிவந்துவிடும். பலகைக் கடைகளில் ரம்புட்டான் குவியல் குவியலாய்க் கிடக்கும். பஸ்ஸில் ஏறினால் காலடியில் தோல். அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் தாள் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு சாரல் மழை, உடனே ஒரு வெயில், ஈரத் தார் வீதியில் ஆவி... அந்த நேரத்தில் ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டால், சம்பளத்தைப் பற்றிய கவலைகூட அரை நிமிடம் ஒதுங்கி நிற்கும்!

அப்படியானால் கடையில் வாங்கித் தின்னலாமே என்பீர்கள். வாங்கினேன். கிலோக்கணக்கில் வாங்கினேன். இனித்தது. ஆனால்... அது வெறும் இனிப்பு.

ஐயாவிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் வாளி நிறையத் தந்திருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இந்த ஊரே பிடித்துப்போய், ஓய்வுபெற்ற பின்னும் திரும்பிப் போகாதவர். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். என் பெயர் அவருக்கு மறந்தே போயிருக்கும். அந்த வீட்டில் நான் எப்போதும் "தம்பி". அப்படிப்பட்ட மனிதரிடம் போய் "ஐயா, நாலு பழம்" என்று கேட்க என் நாக்கு ஏன் எழவில்லை?

அதற்கு என் அப்பாதான் காரணம். பார்த்தீர்களா, அகப்பட்டதும் குற்றத்தை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன்! முப்பது வருட உத்தியோகம் வேறு என்ன கற்றுத் தந்தது?

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே துரை பங்களாவில் தோட்டக்காரர். பங்களாவின் பின்புறம் ஒரு ரம்புட்டான் மரம் நின்றது. பருவத்தில் இரண்டொரு நாள், அப்பாவின் புல்லுக் கூடை வழக்கத்தைவிடக் கனமாக, நாங்கள் குடியிருந்த லயத்து அறைக்கு வந்து சேரும். புல்லை விலக்கினால் உள்ளே சிவப்பு!

ஒரு முறை அம்மா கேட்டார்: "ஏங்க, தொரைகிட்ட கேட்டா குடுக்க மாட்டாரா? எதுக்கு இந்தக் களவு?"

அப்பா ஒரு பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்: "குடுப்பாரு. நான் கையைக் கட்டிக்கிட்டு பின்வாசல்ல நிக்கணும். கேட்டு வாங்குனா அது தொரை பழம். பறிச்சுக்கிட்டு வந்தா நம்ம பழம்."

அடுத்து எங்கள் பக்கம் திரும்பினார். "தோலை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுங்கடா! குப்பை பெருசாத் தெரியக் கூடாது."

அப்பா சொன்னபடியே நகத்தால் சுற்றிக் கீறி, இரண்டு கிண்ணமாகப் பிரித்து, கிண்ணத்துக்குள் கிண்ணமாகச் சொருகுவோம். நாற்பது பழத்தின் தோல் ஒரு முழ நீளக் கம்பளிப் பூச்சியாகச் சுருங்கிவிடும். அதை அப்படியே அடுப்புக்குள் தள்ளினால் தடயம் இல்லை. ஐந்து பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத குடும்பமாய் உட்கார்ந்திருப்போம். அந்தச் சிரிப்பை அடக்கிய ருசி இருக்கிறதே... அதைத்தான் நான் கடை கடையாகத் தேடியிருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அது மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தது.

மனைவி சாந்தி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். உடுப்புத் துவைக்கிற கல்லில் ஏறினேன். என் முழங்கால் இரண்டும் ஆட்சேபம் தெரிவித்தன. எட்டினேன், பறித்தேன், அங்கேயே நின்று தின்றேன். கடவுளே... அப்பாவின் கூடை!

சாந்தி வந்ததும் முகத்தைப் பார்த்தாள். "என்னாங்க இது, கன்னமெல்லாம் தடிச்சிருக்கு?"

"ஏதோ பூச்சி."

"ஒரு பூச்சியா, ஊர்வலமா?"

முசுறு எறும்புகள்! மரத்தின் உண்மையான காவற்காரர்கள் அவைதான். தண்டனையைக் கையோடு தந்துவிட்டன. மற்ற நீதிமன்றங்கள்தான் தாமதம்.

மறுநாள் ஐயா மதிலருகே நின்றார். "தம்பி, கீழ்க்கொப்பை ஆரோ மொட்டையடிச்சுப் போட்டினம்."

"குரங்கா இருக்கும், ஐயா," என்றேன்.

அவ்வளவுதான். ஒரே வரி. அதற்கு முன்னும் குரங்குகள் வந்தன. நான் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் உண்மைக் குரங்கு மாதம் ஒருமுறை வந்தது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. நான்காவது பருவம் நெருங்கும்போது ஐயா ஒரு செய்தி சொன்னார்.

"மரத்தைத் தறிக்கப்போறன், தம்பி. வாற ஞாயிற்றுக்கிழமை ஆள் வருது."

"ஏங்க ஐயா?"

"உந்தக் குரங்குகளாலை பெரிய கரைச்சல். மனிசி வருத்தக்காரி. எந்த நேரம் ஓட்டிலை குதிக்குமோ எண்டு பயந்துகொண்டு கிடக்கிறா. நீங்களும் பாவம், ஒவ்வொரு முறையும் கண்டு சொல்லுறியள்."

நான் சொன்னேன்... ஆம், நான்தான் சொன்னேன்! மரம் சாய்ந்தால் அதைச் சாய்த்தது என் நாக்கு. அந்த வியாழக்கிழமை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, குரங்கு நான்தான்." இதுதான் முதல் வாக்கியம். நல்ல வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது.

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "தம்பி ஒருத்தர்தான் எங்களுக்கு இஞ்சை துணை," என்றார்.

தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தேன். மனப்பாடம் செய்த வாக்கியத்துக்குப் பதிலாக வெளியே வந்தது வேறு: "மரத்தை வெட்டாதீங்க, ஐயா. நான் காவல் பார்க்கிறேன்!"

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

ஐயா உற்சாகமாகிவிட்டார். வெட்ட வந்த ஆளை அனுப்பிவிட்டு, மரத்துக்கு வலை போட்டு, உச்சிக்கிளையில் கல் போட்ட தகரப் பேணி ஒன்றைக் கட்டி, அதன் கயிற்றை என் சமையலறை ஜன்னல் வரை இழுத்துத் தந்தார். குரங்கைக் கண்டால் இழுக்க வேண்டும். நான் இழுத்தேன். வலைக்குள் கையை நுழைத்துத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தவறாமல் இழுத்தேன்! எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு என் கடமையுணர்ச்சி பேசப்பட்டது. என் சேவைக்காக ஐயா வாளி நிறையப் பழம் அனுப்பினார். சாந்தியும் மகளும் தின்று தீர்த்தார்கள். எனக்கு அது கடைப்பழம் போலவே இருந்தது.

அந்தப் பருவம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் ஐயா கூப்பிட்டார். உள்ளங்கையில் எதையோ வைத்திருந்தார்.

"மதிலடியிலை கிடந்தது, தம்பி. பாருங்கோ, தோலை ஒண்டுக்குள்ளை ஒண்டு சொருகி வைச்சிருக்குது."

கம்பளிப் பூச்சி! அப்பா தடயத்தை மறைக்கச் சொல்லித்தந்த வித்தை, ஐயாவின் கையில் என் கையெழுத்தாகக் கிடந்தது. தின்கிற சுகத்தில் விரல்கள் தாமாகச் செய்திருக்கின்றன... எனக்குத் தெரியவே தெரியாது.

"படிச்ச குரங்கு போலை," என்றார் ஐயா.

இந்த வருடம் அவர் மரம் முழுவதற்கும் வலை போட்டார். என் பக்கத்துக் கீழ்க்கொப்பைத் தவிர. ஏன் என்று கேட்ட மனைவிக்கு அவர் சொன்ன பதில் என் சமையலறை வரை கேட்டது: "அது அந்தப் படிச்ச குரங்குக்கு."

நான் தொடவில்லை. நான்கு சனிக்கிழமைகள்... என்ன வைராக்கியம்! கொப்பு சிவந்து, கறுத்து, நிலத்தை நோக்கி வளைந்தது. ஒவ்வொரு நாளும் ஜன்னலருகே நின்று பார்த்தேன். விட்டுக்கொடுக்கப்பட்ட கொப்பு துரை பழமா, நம்ம பழமா? அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவர் போய் வருடங்களாகிவிட்டன.

போன சனிக்கிழமை பின்னேரம் மதிலுக்கு மேலே ஐயாவின் தலை எழுந்தது.

"தம்பி, படிச்ச குரங்கை இந்த முறை காணேல்லை?"

"ஆமாங்க ஐயா... வரல."

"அதுக்கு ஏதும் வருத்தமோ?"

நம் நாட்டுப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காய்ச்சலும் வருத்தம், சீனி வியாதியும் வருத்தம். ஆனால் என் அலுமாரிப் புத்தகங்களில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. ஐயா எதைக் கேட்டார்? விலாசம் தவறிய கடிதத்தைக்கூட உரிய வீட்டில் சேர்த்த மனிதர்... முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இதோ, இதுதான் நேரம்! வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் வருத்தம்தாங்க, ஐயா."

"கெதியா மாறட்டும். பழம் முடியப்போகுது."

தலை இறங்கிவிட்டது.

அவர் மன்னித்துவிட்டார் என்கிறீர்களா? எதை மன்னித்தார்? நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே! குரங்குக்கு மன்னிப்புக் கிடைத்தது. தம்பிக்கு? தம்பி இன்னும் கேட்கவே இல்லை. கேட்பதுதான் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராதே.

கல்லில் ஏறினேன். ஒரு பழம், ஒன்றே ஒன்று... பிறகு ஆறு. தோலை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, இம்முறை தெரிந்தே, மதில்மேல் வைத்தேன். இறங்கிவந்து, பழக்கதோஷத்தில் கயிற்றை இழுத்தேன். பேணி ஊரைக் கூட்டியது.

அந்த வீட்டுக்குள்ளிருந்து ஐயாவின் மனைவி சொன்னது கேட்டது: "பாருங்கோ, தம்பி எவ்வளவு பொறுப்பாக் காவல் நிக்கிறார்!"

ஐயாவின் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். 

கயிறு இன்னும் என் ஜன்னலில்தான் கட்டியிருக்கிறது.