நாலு மாத்திரையும் ஒரு மணி நேரமும்

பல் டாக்டரின் ரிசப்ஷனில் உட்கார்ந்தால், பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். இதய வால்வு மாற்றியவர்களுக்குப் பல் பிடுங்கினால், ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் போய்க் குடியேறிவிடலாம். அதனால் ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக், நாலு மாத்திரை மொத்தமாக. மாடம்பாக்கத்தில் எட்டு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபாரம் நீட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

வாயா, நெஞ்சா?

பெரும்பாக்கத்து ஆட்டோக்கார அண்ணன் ஒருத்தர், வீங்கின கன்னத்தோடு வந்தார். "ஹார்ட்ல ஏதாவது பிரச்சனை இருக்காண்ணா?" என்றேன். வால்வு பழுதாம், ஆபரேஷனுக்கு முன்னால் பல்லைச் சரிபண்ணி வரச் சொன்னார்களாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெஞ்சுக்குப் போனா அந்த டாக்டரு வாயத் தொறன்றாரு. பல்லுக்கு வந்தா நீ நெஞ்சுல இன்னா கீதுன்ற. பேசாம ரெண்டு பேரும் எடத்த மாத்திக்கினு உக்காருங்கம்மா!"

ஆளுக்கு ரெண்டு

பீர்க்கன்கரணையிலிருந்து வந்தவர் ரயில்வேயில் ரிட்டயரானவர், வால்வு மாற்றியவர். முந்தின நாளே போனில் மூன்று தடவை சொல்லியிருந்தேன். மனைவியோடு வந்தார்.

"மாத்திரை போட்டாச்சா சார்?"

"ஆச்சு."

"நாலுமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "ஒரே ஆளுக்கு நாலு சூடும்மா. அதான் ஆளுக்கு ரெண்டாப் போட்டுக்கிட்டோம்."

கடிகாரம் இல்லாத அறை

சேலையூரிலிருந்து மாமியாரும் மருமகளும். மருமகளுக்குக் கடைவாய்ப் பல். மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதய நோய் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா ஊசியை எடுத்த நேரம் கரண்ட் போனது. ஏசி நின்ற அமைதியில் டிக், டிக், டிக். அந்த அறையில் கடிகாரமே கிடையாது. சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது. உலோக வால்வு! டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்க்கா. அத்தைக்குத்தான் சொல்லல" என்று அழுதாள்.

அன்றைக்குப் பல்லைத் தொடவில்லை. இதய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வரவழைத்து, மாத்திரை கொடுத்து உள்ளே உட்கார வைத்தோம். "ஏன் லேட்?" என்ற மாமியாரிடம், டாக்டர் டிபன் சாப்பிடுவதாகப் புளுகினேன். அவர் என் பக்கம் குனிந்தார்.

"கல்யாணமான மறுநாளே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. அவளா சொல்லட்டும்னு இருக்கேன். உசுருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, அத மட்டும் சொல்லு."

வாயைத் திறக்கச் சொன்னால் எல்லோரும் திறந்துவிடுகிறார்கள், உண்மைதான் வேறு வழியாக வெளியே வருகிறது.