விசில் வராத மத்தியானம்

அன்று தேயிலை எடை போடும் ஷெட் பக்கம் இருந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டீரிங்கில் டிரைவர் அண்ணன். லாரியின் பின் ஏணியில் கிளீனர், அதாவது நான். ஷெட்டுக்குள் தராசுக்குப் பக்கத்தில் எடை போடுகிறவர். தேயிலை மூட்டையோடு வந்திருந்த இரண்டு பெண்கள், மாமியாரும் மருமகளும். வேறு யாரும் இல்லை. பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கோத்தகிரிப் பக்கம் சின்னத் தோட்டக்காரர்களின் பச்சை இலையை ஊர் ஊராக எடுத்து ஃபேக்டரியில் இறக்கும் லாரியில் பதினேழு வருடமாக வேலை. இந்த மலையில் லாரியைத் திருப்ப இடம் கிடைக்காது. முக்கால்வாசி ஷெட்டுக்கு ரிவர்ஸில்தான் இறங்க வேண்டும். பின்னால் இருப்பது எதுவும் டிரைவருக்குத் தெரியாது. என் விசிலைக் கேட்டுத்தான் அவர் வண்டியை விடுவார். இரண்டு சின்ன விசில் என்றால் வா. ஒரு நீள விசில் என்றால் நில். கை இரண்டும் ஏணியைப் பிடித்திருப்பதால் விசிலை முன்பல்லில் கடித்துக்கொண்டுதான் ஊதுவேன்.

அந்த முன்பல்தான் கெட்டுப்போனது. சில வருடங்களுக்கு முன் லாரியின் பின்கதவுச் சங்கிலி அதில் அடித்திருந்தது. மெதுவாகக் கறுத்தது, விட்டுவிட்டேன். இந்த மழைக்கு ஈறு வீங்கி மூக்கு வரைக்கும் ஏறிவிட்டது. கண் போய்விடுமோ, சீழ் மூளைக்குப் போய்விடுமோ என்று ஒரு வாரம் வீட்டில் எல்லோரையும் படுத்தினேன்.

"ஏனுங்க, பல்லு வலிக்கு மூளை வரைக்கும் போயிட்டு வந்துட்டீங்க. டாக்டர்கிட்ட மட்டும் போக மாட்டேங்கறீங்க" என்று சொல்லி மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். உள்ளே போவதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்து, இருக்கிற வியாதிகளுக்கு டிக் போடச் சொன்னார்கள். நெஞ்சு படபடப்பா? அப்போதே இருந்தது, போட்டேன். மூச்சு வாங்குமா? மேடு ஏறினால் வாங்கும், போட்டேன். தலைசுற்றல், கை நடுக்கம் எல்லாவற்றுக்கும் போட்டேன். மறைத்து வைத்து அப்புறம் நாற்காலியில் ஏதாவது ஆகிவிட்டால்?

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனையும் வச்சுக்கிட்டு எப்படிங்க நடந்து வந்தீங்க?"

"அவருக்கு வியாதி ஒண்ணுமில்லீங்க. பயம் மட்டுந்தான்" என்றாள் மனைவி.

பிரஷர் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

பிடுங்கினால் இன்றே முடிந்துவிடும், செலவும் குறைவு. வேர் சிகிச்சை என்றால் மூன்று தடவை வர வேண்டும், பல் தங்கும். டாக்டரம்மா இப்படிச் சொன்னதும் நான் கேட்டது ஒன்றுதான். "முன்பல்லு இல்லாம விசிலைக் கடிச்சு ஊத முடியுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இதை யாரும் எங்கிட்டக் கேட்டதில்லீங்க. இறுக்கிப் பிடிக்கிறது கஷ்டம்தான்."

விசில் போனால் ஏணி வேலை போய்விடும். மூட்டை தூக்கத்தான் விடுவார்கள். அதைத் தாங்கும் முதுகும் எனக்கு இப்போது இல்லை. பல் இருக்கட்டும் என்றேன்.

ஊசி ஈறில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் வலி இல்லை, மிஷின் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. பல்லில் ஓட்டை விழுந்து சீழ் இறங்கியதும் ஒரு நாற்றம். ஆனால் ஒரு வாரமாக உள்ளே இருந்த அழுத்தம் அந்த நிமிடமே விட்டது. மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும், கடித்துக்கொள்ளாதீர்கள், சூடாகக் குடிக்காதீர்கள் என்றார்கள். மருந்துச் சீட்டை நாலு தடவை படித்தேன். வேரைச் சுரண்டிய கம்பி உள்ளே ஒடிந்து நின்றிருக்குமா என்று இரண்டு தடவை கேட்டேன். எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு, அன்று மத்தியானம் விசில் ஊத வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

பாதி நாள் சம்பளமாவது கிடைக்கட்டும் என்று லாரியில் ஏறினேன். ஷெட்டுக்கு மேல் வளைவில் டிரைவர் அண்ணன் ரிவர்ஸ் போட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. வழியில் ஆள் இல்லை, கீழே நின்று அவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கையைக் காட்டிவிட்டு ஏணியில் ஏறினேன், வண்டி இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் அந்தப் பெண்கள் இருவரும் நனையாமல் நிற்பதற்காக மூட்டையோடு லாரிக்கும் ஷெட் சுவருக்கும் நடுவில் வந்தார்கள். நீள விசில் ஊதினேன். காற்றும் எச்சிலும்தான் வந்தன. என் உதடு யாருடைய உதடோ போலத் தொங்கியது. மறுபடி ஊதினேன். விசில் நழுவி விழுந்தது.

வண்டியின் பக்கவாட்டில் தட்டக் கை போய்விட்டது. தட்டினால் எங்கள் கணக்கில் போகலாம் என்று அர்த்தம். ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, குதித்து, டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கையை வீசிக்கொண்டு ஓடினேன். பிரேக் கிரீச்சிட்டது. லாரிக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

டிரைவர் அண்ணன் இறங்கி வந்து அந்த முழத்தைப் பார்த்தார். "ஏப்பா, விசில் எங்கே?"

நான் வாயைக் காட்டினேன்.

"வாயை வாடகைக்கு உட்டுட்டுத்தான் ஏணியில ஏறினயா?"

மாமியார்க்காரம்மா மூட்டையை இறக்கினார். "எங்க ரெண்டு பேரையும் சட்னி ஆக்கப் பாத்தயே சாமி! ஊசி போட்டா ஊட்ல படுக்கறதுதானே?" மருமகள் சுவரில் கையை ஊன்றியபடியே நின்றாள்.

சாயங்காலம் மரப்பு விட்டதும் வலி தெறித்தது. மாத்திரை, உப்புத் தண்ணீர், ஆறிய கஞ்சி. இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. வலியை விட அந்த ஒரு முழம்தான் அதிக நாள் இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு லீவு போட்டுவிட்டுத்தான் போனேன். வேரைச் சுத்தம் பண்ணி அடைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் பனிக் காலையில் இரும்பு விசிலைக் கடித்தால் பல் கூசும். இப்போது பச்சைத் தண்ணீர் பட்டாலும் அதில் ஒன்றும் தெரிவதில்லை. இனி கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாங்க என்றார். அடைத்த பல் சீக்கிரம் உடையும், மேலே உறை மாதிரி கேப் போடும் வரைக்கும் இரும்பைக் கடிக்கவே கூடாது என்றும் சொன்னார். அதனால் விசிலின் வாயில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, பக்கத்துப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். மழையில் அது வழுக்குகிறது.

அன்றிலிருந்து தினமும் வண்டி எடுப்பதற்கு முன் டிரைவர் அண்ணன் என்னைக் கீழே நிற்கவைத்து, "ஊது, கேப்போம்" என்கிறார். இரண்டு சின்னது, ஒரு நீளம். கேட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

இன்று காலை ஊதும்போது ரப்பர் நழுவியது. இரண்டாம் தடவைதான் சத்தம் வந்தது.

"கேப்பு எப்பப்பா?"

"அளவு எடுத்தாச்சுங்ணா. மூவாயிரத்து ஐந்நூறுல ஆயிரம் கட்டியிருக்கேன். மிச்சத்தைக் கட்டுனா மாட்டிடுவாங்க."

"மிச்சம் எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறுங்ணா" என்றேன். அது சேரும் வரைக்கும் வழுக்குகிற இந்த ரப்பரை நம்பித்தான் வண்டி பின்னால் இறங்க வேண்டும்.