தாடி வைத்த ஆட்டுக்குட்டி

இன்று காலை எங்கள் காரைக்குடி மாதா கோயிலின் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறியதும் பழைய வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

கடைகளுக்கு போர்டு எழுதும் அப்பா, அங்கேதான் மறைமாவட்ட ஆயர் வருகைக்காக அவருடைய இலச்சினையைப் பலகையில் வரைந்தார். மேலே ஆயருக்குரிய பச்சைத் தொப்பி, இருபுறமும் குஞ்சங்கள். மஞ்சுவிரட்டு மாட்டுக்குக் கட்டுவது போல இருக்கிறதே என்று எனக்கு ஒரே குஷி. நடுவில் கேடயம். அதில் சிலுவைக்கொடி பிடித்த ஆட்டுக்குட்டி வேண்டும் என்று பங்குச் சாமியார் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அப்பா முற்றத்தில் கட்டியிருந்த எங்கள் வெள்ளாட்டைப் பார்த்து, தாடியோடு வரைந்துவிட்டார்.

பலகையைக் கோயில் வாசலில் மாட்டிய பிறகுதான் அம்மா பார்த்தாள்.

"இயேசுவுக்கு அடையாளம் செம்மறிதானே! தீர்ப்பு நாள்ல நரகத்துக்குப் போக இடது பக்கம் நிக்கிற வெள்ளாட்டக் கொண்டாந்து வச்சிருக்கீகளே!"

அதற்குள் வெடிச்சத்தம் கேட்டது. ஆயர் வந்து இறங்கி, பலகையை அண்ணாந்து பார்த்தார். அப்பாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. ஆயர் தம் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டே, "என்னைய நல்லாத்தான் வரைஞ்சிருக்கீக" என்றார்.

இன்று பெயின்ட் காய்ந்ததும் கேட்டுக்கு மேலே புது ஆயருக்கு ஃபிளக்ஸ் கட்டினார்கள். இவருடைய கேடயத்திலும் ஆட்டுக்குட்டிதான். அச்சு அசல் செம்மறி. என் தோளைப் பிடித்தபடி, வயதாகிவிட்ட அப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "தாடியத்தான் விட்டுட்டாக."