பெரிய திரியும் ஃபேன் பெல்ட்டும்

எனக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. சூரியநெல்லிக்கு மேலே இருக்கும் பழைய துரை பங்களாவை வாங்கி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற முதலாளியின் கார் அது. சிவப்பு நிறம். இரண்டு பேர்தான் உட்கார முடியும். மேலே துணிக்கூரை. பக்கத்தில் போய் நின்றால் என் இடுப்புக்குத்தான் வரும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்ததாம். என் வீட்டுக்காரர் அந்தப் பங்களாவில் டிரைவர். மெக்கானிக் வேலையும் அவர் தலையில்தான். மழை வந்தால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கொடியில் கிடக்கிற துணியை எடுக்க மாட்டார், அந்தக் காருக்குத் தார்ப்பாய் போட ஓடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காத கை, அதன் ரேடியேட்டர் சூட்டை மட்டும் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்க்கும்.

சரி, அது இரும்பு. இரும்போடு எத்தனை நாள் மல்லுக்கு நிற்பது? என் வயிறு உண்மையாக எரிந்தது பக்கத்து வீட்டுக்காரியின் கையால்.

அவளுக்குப் பங்களாவில் சமையல் வேலை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், இவள் இங்கே மாமியாரோடு இருக்கிறாள். என்னை மதினி என்பாள், இவரை அண்ணே என்பாள். ஒல்லி உடம்பு. கை அகப்பைக் காம்பு மாதிரி இருக்கும்.

போன மழைக்காலத்தில் அந்தக் காரின் ஃபேன் பெல்ட் முதல் தடவை அறுந்தது. ஜீப் என்றால் பானட்டைத் தூக்கிவிட்டு ஆளே உள்ளே இறங்கி நின்று மாற்றலாம். இந்தக் காரில் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கொஞ்சம் நுழையும். பெல்ட்டை அந்தச் சந்தில் விட்டு, விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்ட வைத்து, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும். கீழே படுத்துப் பார்த்தாலும் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் மறிக்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் ரேடியேட்டரையே கழற்ற வேண்டும். ஒரு பகல் அதிலேயே போய்விடும். இவர் கை நுழையவில்லை. சமையலறையிலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

சாப்பிடும்போது என்னிடமே வந்து சொல்கிறார்.

"அவ கை சும்மா வழுக்கிட்டு உள்ள போச்சு புள்ள. பாக்காமலே மாட்டிட்டா. அப்படி ஒரு கை."

"அப்ப அந்தக் கையே உங்களுக்குச் சோறும் போடட்டும்."

"அண்ணேன்னு கூப்பிடுறவளப் போயி..."

"அவ கூப்பிடுறது அண்ணேன்னுதான். நீங்க திரும்பிப் பாக்கிற பார்வை எனக்குல்லா தெரியும்."

அவர் சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். நான் என் தட்டை மூடி வைத்தேன். விளக்கின் அடியில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கொழுந்து கிள்ளுகிற கை. கறை பிடித்து, விரல் கணுக்கள் இஞ்சி மாதிரி புடைத்திருந்தன. மோதிர விரலில், கல்யாணத்தன்று கோயிலில் அவர் போட்ட மோதிரம். அது கணுவைத் தாண்டி வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வந்தாலும் நான் கழற்ற மாட்டேன். பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த மோதிரத்தைக் கழற்றினால் புருஷனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. வேதாகமத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சாமியாரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் யாரும் கழற்றுவதில்லை.

இந்த வருஷம் அந்தோனியார் திருவிழாவில் பெரிய திரி எங்கள் லயத்துக்கு வந்தது. தேருக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒரே மெழுகுதிரியை ஆளுக்கொரு கையால் பிடித்து நடக்க வேண்டும். லயத்துக்கு லயம் முறை மாறும். லயத்துக்குள் சீட்டுக் குலுக்கி வீட்டை எடுப்பார்கள். சீட்டு எங்கள் வீட்டுக்கு விழுந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து மற்றவர்கள் சோடியாக நடப்பதைக் கூட்டத்துக்குள் நின்று எட்டிப் பார்த்தவள் நான். ஊர் பார்க்க, அந்தோனியார் பார்க்க, முக்கியமாக அவள் பார்க்க, இவர் கை பக்கத்தில் என் கை இருக்க வேண்டும். என் செபமெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான் இருந்தது.

திருவிழா அன்று மத்தியானம் மறுபடி பெல்ட் அறுந்தது. போன தடவை மாட்டியது ஜீப் பெல்ட். இங்கே எல்லாரிடமும் ஜீப்தானே, கடையில் கிடைப்பதும் அதுதான். அது கொஞ்சம் அகலம் கூடுதல், பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஓரம் தேய்ந்து பிய்ந்துவிட்டது. சரியான பெல்ட் ஒன்று கூரியரில் வந்து அலமாரியில் இருந்தது. ஆனால் தேர் கிளம்பும் முன் கோயில் முற்றத்தில் வண்டிகளை மந்திரிப்பார்கள். காரை அங்கே நிறுத்த வேண்டும் என்று முதலாளிக்கு ஒரே பிடிவாதம்.

அரக்குப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, இவரைக் கூட்டிப்போக நான் பங்களாவுக்கு ஏறினேன். இவர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார். பேட்டரி கம்பியைக் கழற்றி வைத்திருந்தார். டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை எஞ்சின் பக்கம் சாய்த்திருந்தார்.

"ஆசானே, வேகம் ஆகட்டும் கேட்டோ. பெருநாளுக்கு நேரமாயி," என்று மலையாளம் கலந்து இவரை விரட்டினார் முதலாளி.

இவர் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். "தங்கச்சி, ஒரு நிமிசம் இங்க வாயேன்" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். உச்சந்தலை வரைக்கும் எனக்குச் சூடு ஏறிவிட்டது.

"அவ எதுக்கு? நான் இல்லையா?" என்றேன்.

"உன் கைக்கு நுழையாது புள்ள."

"செடிக்கு அடியில பாக்காம கிள்ளுற கை இது. தள்ளுங்க."

"பட்டுச் சேலையில கிரீஸ் ஆயிரும் மதினி, நான் போடுறேன்," என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் அக்கறையாகத்தான் சொன்னாள். அதுவே எனக்கு இன்னும் எரிந்தது.

முந்தானையைச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். ரேடியேட்டரின் தகடுகள் புறங்கையைச் சீவின. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் மேலிருந்து பெல்ட்டை விட்டுக்கொடுக்க, இறக்கை இறக்கையாகத் தாண்ட வைத்து அடிச் சக்கரத்தைத் தடவிக் கண்டுபிடித்தேன். பெல்ட் பள்ளத்தில் உட்கார்ந்ததை விரல் சொன்னது.

"விழுந்துட்டு," என்றேன். அவளை ஒரு பார்வை பார்த்தேன். அந்தோனியார் மன்னிக்கட்டும், அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷம் நற்கருணை வாங்கும்போதுகூட எனக்கு வந்ததில்லை.

பிறகு கையை இழுத்தேன். வரவில்லை.

மோதிர விரலின் கணு, விசிறிக்கும் சக்கரத்துக்கும் இடையில் இறுகிவிட்டது. இவர் விசிறியை மெல்ல அசைத்தார், உயிர் போனது. கீழே கோயிலில் முதல் மணி அடித்தது.

"இழுக்காதீங்க மதினி, தோலு உரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு அவள்தான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள். அந்த ஒல்லிக் கையை என் கையோடு சேர்த்து உள்ளே விட்டு, விரல் விரலாக எண்ணெய் தடவினாள். "மூச்சை விடுங்க. கையைத் தளர்த்துங்க. ஆங், அப்படித்தான்." கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. எண்ணெயும் கறுப்பும் ரத்தமுமாக இருந்தது. மோதிரம் மட்டும் இல்லை.

நான் கத்திய கத்தலில் பங்களாவில் தங்கியிருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். வராத மோதிரம் வந்துவிட்டதே, இந்த மனுஷனுக்கு என்ன ஆகப் போகிறதோ என்று பதறினேன்.

"கரையண்டா, அழாதே சேச்சி. பெருநாள் முடியட்டும், நாளைக்குத் தேடலாம்," என்றார் முதலாளி. "ஆசானே, ரெண்டு போல்ட் முறுக்கினா போதுமல்லோ. ஸ்டார்ட் பண்ணு."

இவர் போய்ச் சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எஞ்சின் ஒரு சுத்து சுத்தினா மோதிரம் எங்க தெறிக்கும்னு தெரியாது முதலாளி. அது கிடைக்காம இந்த வண்டி அசையாது."

"மந்திரிப்பு?"

"அடுத்த வருசம் மந்திரிப்போம்."

என் காது கேட்டதை என்னால் நம்ப முடியவில்லை. முதலாளி முகம் சிவந்துபோய், வேறு ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். இவர் கோணியை விரித்து, திருவிழாவுக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளை வேட்டியோடு காருக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "புள்ள, அந்தக் காந்தக் கம்பியை எடு."

"தங்கம்ங்க அது! காந்தத்துல எங்க ஒட்டும்?"

"ஆமால்ல," என்றார். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் மணி அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். திரிக்கு உரிய வீட்டார் வராவிட்டால் அந்த லயத்திலிருந்தே யாராவது இரண்டு பேர் பிடிக்க வேண்டும். திரி இல்லாமல் தேர் நகராது. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போவதா?

"நீ போயி பிடி," என்றேன். என் தலையிலிருந்த பூவை எடுத்து நீட்டினேன். "சீக்கிரம் போ. தலையில இந்தப் பூவையும் வச்சுக்க."

"சோடியா இல்லாம நான் எப்படி மதினி?"

"உன் மாமியாரைக் கூட்டிக்க."

அவள் இறக்கத்தில் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பேண்டு சத்தம் கேட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தேர் விளக்குகள் வளைந்து வளைந்து போயின. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன வெளிச்சம். நான் பிடிக்க வேண்டியது. காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிற அந்தோனியாரே, உமக்கு முன்னால் நடக்கத்தானே கேட்டேன், இப்படி என்னைக் கார் டயருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீரே என்று மனதுக்குள் சண்டை போட்டேன். பிறகு விசுவாசப் பிரமாணம் சொன்னேன். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

தேர் வளைவு திரும்பி மறைந்த பிறகுதான் மோதிரம் கிடைத்தது. குறுக்குச் சட்டத்தின் மடிப்பில் பழைய சவுக்கு இலைகளும் கிரீஸும் சேர்ந்து கட்டியாகக் கிடந்தன. அந்தக் கட்டிக்குள் இருந்தது. இவர் வெளியே வந்தபோது வேட்டி, முகம், மீசை எல்லாம் கறுப்பு. மோதிரத்தைத் தன் பனியனில் துடைத்து என் விரலில் போடப் பார்த்தார். வீங்கிய கணுவில் ஏறவில்லை. என் கழுத்துச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றி, தாலிக்குப் பக்கத்தில் கோத்துவிட்டார். அந்தக் கறை இன்னும் என் ரவிக்கைக் கழுத்தில் இருக்கிறது. நான் சோப்புப் போடவில்லை.

திருவிழா முடிந்து அவள் எரிந்து மீந்த திரியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "இது உங்க வீட்டுத் திரி மதினி." அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் ஏற்றி வைத்தோம். ஆனால் மறுநாள் கொழுந்து கிள்ளுகிற இடத்தில் ஒருத்தி விடாமல் எல்லாரும் அவளும் மாமியாரும் திரி பிடித்த அழகைத்தான் பேசினார்கள். என் கூடையில் கொழுந்தோடு முற்றல் இலையும் விழுந்தது. சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன்.

சாயங்காலம் பங்களாவுக்குப் போனேன். இவர் ஒரு மரக்கட்டையால் டைனமோவை வெளியே நெம்பிப் பிடித்து போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம்தான் தாழ்ந்தது, சரி என்று தலையாட்டிக்கொண்டார். சமையலறையிலிருந்து அவள் எங்கள் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இவர் முதலில் டீயைப் பார்த்தாரா அவளைப் பார்த்தாரா என்று நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அடுத்த தடவை இது அறுந்தா யாரைக் கூப்பிடுவீங்க?" என்றேன்.

பானட்டை மெல்ல இறக்கி மூடினார். என் கழுத்தில் தொங்கிய மோதிரத்தைப் பார்த்தார்.

"யாரையும் இல்ல," என்றார். "ரேடியேட்டரைக் கழட்டிருவேன்."